விரிந்த காதுக்கு அறுவை: ஏழு வயதுப் பிள்ளைக்கு முழு மயக்கம் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, எடை 22 கிலோ. இரண்டு காது மடல்களும் விரிந்து நிற்பதால் பள்ளியில் ‘முறக்காது’ என்று கேலி செய்கிறார்கள். தொப்பி இல்லாமல் வெளியே வர மறுக்கிறான். அறுவை செய்து சரிப்படுத்தலாம், ஆனால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். என் அக்காள் மகனுக்குப் பதினாறு வயதில் இதே அறுவை மரத்துப்போகும் ஊசியிலேயே முடிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு குறைக்காகப் பிள்ளையை முழுவதுமாக மயக்க வேண்டுமா? லேசாகத் தூங்கவைத்தால் போதாதா? பிற்காலத்தில் மூளையைப் பாதிக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சர்ஜன் சொன்னதையே, மயக்க மருத்துவர் என்ற முறையில், நானும் சொல்வேன். அக்காள் மகனுக்கு ஊசி மட்டும் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் அவனுடைய பதினாறு வயதுதான். காதின் பின்புறத் தோலைக் கீறி, குருத்தெலும்பில் இல்லாத மடிப்பைத் தையலால் உண்டாக்கி, தேவையானால் காதின் கிண்ணப் பகுதியைத் தலையோடு நெருக்கிக் கட்டுவதே இந்த அறுவை. இரண்டு காதுகளுக்குமாகச் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் முகத்தைச் சுற்றித் துணி போர்த்தியிருக்க, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பக் கொடுத்து, குருத்தெலும்பை இழுக்கும் ஓசை காதுக்குள்ளேயே கேட்டாலும் அசையாமல் கிடக்க வேண்டும். காதுகுத்தின்போது தாய்மாமன் மடியில் சமர்த்தாக உட்கார்ந்த பிள்ளை என்று சில பெற்றோர் என்னிடம் வாதிடுவதுண்டு; அது ஒரு நிமிட வேலை. பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிய, நிதானமான, தானே விரும்பி வருகிற பிள்ளைக்கு மரத்துப்போகும் ஊசியிலேயே செய்வதைத் தாராளமாக யோசிக்கலாம். ஏழு வயதில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஊசிக்கு இன்னோர் எல்லையும் உண்டு. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தை அட்ரினலினுடன் சேர்த்துக் கொடுக்கும்போது, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 22 கிலோ எடைக்கு இது 154 மில்லிகிராம். ஒரு சதவீதக் கரைசலில் ஏறக்குறைய 15 மில்லி, அதுவும் இரண்டு காதுகளுக்கும் சேர்த்து. பெரியவருக்கு வலித்தால் இன்னும் கொஞ்சம் போடலாம் என்ற வசதி சிறு பிள்ளையிடம் இல்லை. அளவு மீறினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும். போதாக்குறைக்கு, காது மடலுக்கு உணர்ச்சி ஒரே நரம்பிலிருந்து வருவதில்லை. கழுத்திலிருந்து ஏறி வரும் நரம்புகள், தாடையருகே வரும் நரம்பு, காதுக் குழியை ஒட்டிய பகுதிக்கு வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை என்று பல வழிகள் இருப்பதால், எங்கோ ஓரிடத்தில் வலி மிச்சம் இருக்க வாய்ப்புண்டு.

நீங்கள் கேட்டவற்றில் நான் அதிகம் கவலைப்படுவது ‘லேசாகத் தூங்கவைப்பது’ பற்றித்தான். கேட்பதற்கு நடுவழி போலத் தோன்றினாலும், இந்த அறுவையைப் பொறுத்தவரை மூன்று வழிகளில் மிகவும் கவனம் தேவைப்படுவது இதுவே. முழு மயக்கத்தில் பிள்ளையின் மூச்சுப் பாதையில் ஒரு குழாயோ, தொண்டையில் பொருந்தும் முகமூடி போன்ற சாதனமோ இருக்கும். வெளிவரும் கரியமில வாயுவை ஒவ்வொரு மூச்சிலும் திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். லேசான தூக்கத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அரைத்தூக்கத்தில் நாக்கு பின்னால் சரியலாம், குரல்வளை இறுகிக்கொள்ளலாம்; அந்த நேரத்தில் தலைமாட்டில் நிற்பவர் சர்ஜன், முகமோ துணிக்கடியில். மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டு அதற்கு நான்கு விரல் தூரத்தில் இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவியால் பொசுக்கினால் தீப்பற்றும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளை வலியில் திமிறினால் மருந்தை ஏற்றுவார்கள், ஏற்ற ஏற்ற அது முழு மயக்கமாகவே மாறிவிடும். மூச்சுப் பாதையைக் காப்பாற்றும் சாதனம் மட்டும் இருக்காது. தனி மயக்க மருத்துவர் இல்லாமல், அறுவை செய்பவரே தூக்க மருந்தையும் கொடுத்துக்கொள்வதாகச் சொல்லும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூளை பற்றிய அச்சத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பல தடவை, மயக்க மருந்து கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பது அதன் சாரம். உங்கள் மகன் அந்த வயதையும் கடந்துவிட்டான், அறுவையும் அவ்வளவு நீளமில்லை. ஏழு நாடுகளில், குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு முழு மயக்கமும் மறு பகுதிக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்யும் ஊசியும் கொடுத்து நடந்த ஓர் ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்று 2019-இல் அறிவித்தது. ஒரே ஒரு முறை நடக்கும் இந்த அறுவைக்காக, ஏழு வயதில், இந்தக் காரணத்தைச் சொல்லி நான் யாரையும் தடுத்ததில்லை. காது மடல் ஐந்தாறு வயதிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடுவதால், மூன்று வயதுக்கு முன் அவசரப்பட வேண்டிய தேவையே எழுவதில்லை.

முழு மயக்கம் என்றால் மரத்துப்போகும் ஊசி வேண்டாம் என்று பொருளில்லை. பிள்ளை தூங்கிய பிறகு அந்த ஊசியையும் காதைச் சுற்றிப் போடுவதே நல்ல முறை. அட்ரினலின் இரத்தக் கசிவைக் குறைக்கும், விழித்த முதல் சில மணி நேரத்துக்கு வலி தெரியாது, வாந்தியைத் தூண்டக்கூடிய மார்ஃபின் வகை வலி மருந்துகளின் தேவையும் குறையும். இந்தக் கடைசிப் பயன் முக்கியமானது. ஏனெனில் காது அறுவைக்குப் பின் பிள்ளைகள் வாந்தி எடுப்பது மிகவும் அதிகம். மரண பயம் கொண்டு வரும் பெற்றோர், வீட்டுக்குத் திரும்பியபின் உண்மையில் படும் பாடு இந்த வாந்திதான். வாந்தியில் முக்கும்போது தலையில் இரத்த அழுத்தம் ஏறி, தையலுக்கடியில் இரத்தம் கட்டவும் கூடும். ஆகவே உங்கள் மயக்க மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள்: வாந்தித் தடுப்பாக ஆன்டன்செட்ரான், டெக்சாமெத்தசோன் இரண்டையும் கொடுப்பீர்களா, மயக்க வாயுவுக்குப் பதிலாக இரத்தக் குழாய் வழியாகப் புரோப்போஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தே நடத்த முடியுமா? இரண்டும் வாந்தியைக் குறைப்பவை.

அவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவையும் சில உண்டு. கடந்த சில வாரங்களில் சளி, காய்ச்சல் இருந்ததா, இரவில் குறட்டை விடுகிறானா என்பதைச் சொல்லுங்கள். சளி பிடித்த பிள்ளையின் மூச்சுக்குழாய் சில வாரங்கள் வரை எரிச்சலோடு இருக்கும், அவசரமில்லாத இந்த அறுவையைத் தள்ளிப்போடுவதால் நட்டமில்லை. ஏழு வயது என்பது பால்பல் ஆடும் வயது. ஆடும் பல்லைக் காட்டிவிடுங்கள், மயக்கத்தில் அது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானதா, கடுங்காய்ச்சல் கண்டதா என்பதையும் மறைக்காதீர்கள். சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுத்த குடும்பமானால், தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்து, மூச்சு திரும்பத் தாமதமாகும் சாத்தியம் உண்டு என்பதால் இந்தக் கேள்வி சடங்குக்காகக் கேட்கப்படுவதில்லை. பட்டினி விதி எளியது: திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தப்பட வேண்டும், தெளிந்த தண்ணீர் எவ்வளவு நேரம் வரை என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். பாவம் என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம்.

விழித்தெழும்போது சில பிள்ளைகள் காரணமில்லாமல் கத்தி அழுது கட்டைப் பிய்க்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வீட்டில் வலிக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் பொதுவாகப் போதும். மருந்துக்கு அடங்காமல் ஒரு பக்கக் காது மட்டும் விண்விண் என்று தெறித்து வலி கூடிக்கொண்டே போனால், கட்டுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்றே எண்ணி, நள்ளிரவானாலும் சர்ஜனை அழையுங்கள்; காலைவரை பொறுத்தால் குருத்தெலும்பு கெடக்கூடும்.