இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஆட்டுக்கு இரத்தம் ஊறவில்லை

கேள்வி: மழைக்குப் பிறகு என் வெள்ளாடுகள் மெலிந்து, கண் இமையின் உள்பக்கம் வெளுத்துவிட்டது. இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது. இரும்புச்சத்து டானிக் 15 நாள் கொடுத்தும் தேறவில்லை. தீவனம் சோளத்தட்டையும் காட்டு மேய்ச்சலும்தான். டானிக்கின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். மேயும் ஆட்டுக்குப் புல்லிலும் மண்ணிலுமே இரும்பு தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் ஆடுகளுக்குக் குறைவது புரதம். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் 100 கிராமில் இரும்பு 0.34 கிராம்தான், 95 கிராமுக்கு மேல் புரதம். இரும்பை இரத்தத்தில் சுமந்து, சிவப்பணு உருவாகும் இடமான எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபெரினும் கல்லீரல் செய்யும் புரதமே. புரதம் இல்லாவிட்டால் எவ்வளவு டானிக் ஊற்றினாலும் சிவப்பணு உருவாகாது. அளவுக்கு மீறிய இரும்பு தாமிரச்சத்து சேர்வதையும் தடுக்கும். தாமிரம் குறைந்தாலும் சோகை வரும்.

மழைக்குப் பின் இமை வெளுப்பும் தாடை வீக்கமும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நான்காம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தம் குடிக்கும், ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. அதில் போகும் இரும்பு 20 மில்லிகிராமுக்குள்தான், புரதமோ 7 கிராம் அளவுக்குப் போகிறது. இரத்தத்தில் புரதம் குறைந்ததால்தான் தாடைக்கு அடியில் நீர் கோக்கிறது. ஈரல் தட்டைப்புழுவும் இதே அறிகுறியைக் காட்டும். ஆகவே சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பாருங்கள். இமை காகிதம்போல் வெளுத்த ஆட்டை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், ஓட்டி அலைக்கழிக்காதீர்கள்.

உருளைப்புழு என்று உறுதியானால், எடை போட்டு மருந்து கொடுங்கள். அல்பெண்டசோல் என்றால் வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 20 கிலோ ஆட்டுக்கு 2.5 சத மருந்தில் 8 மி.லி. கண்மதிப்பில் குறைத்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். இளஞ்சினை ஆட்டுக்கு இந்த மருந்து ஆகாது. வேறு மருந்து கேட்டு வாங்குங்கள். 10 முதல் 14 நாளில் மறுபடி சாணப் பரிசோதனை செய்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

இனித் தீவனம். சோளத்தட்டையில் புரதம் 4, 5 சதம்தான். 7 சதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் சோர்ந்து, ஆடு தின்பதே குறையும். ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ பச்சை அகத்தியோ வேலிமசாலோ போடுங்கள். சூபாபுல் என்றால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இதோடு அடர்தீவனம் 200 கிராம்: மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1 என்ற விகிதம். 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் முழு அளவும் வைத்தால் வயிறு புளித்துப்போகும். மாவுச்சத்து இல்லாமல் புண்ணாக்கை மட்டும் போடுவதும் வீண். ஆடு அந்தப் புரதத்தையே எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மலிவுக்காக வாங்காதீர்கள், அதன் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். நலிந்த ஆட்டுக்கு யூரியா கலந்த தீவனம் கூடவே கூடாது.

வாரம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் இமையைப் பாருங்கள். மூன்று நான்கு வாரத்தில் சிவப்பு ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருந்து பலிக்கவில்லை, அல்லது ஆடு அதே ஈரப் புல்லில் மீண்டும் புழுவை வாங்குகிறது. காலையில் பனி உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்.

மண்ணே தொடாமல் பரணில், பாலை மட்டும் குடித்து வளரும் குட்டிகளின் கதை வேறு. பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு ஊசி உதவும்.