எட்டு கிலோ ஏறிவிட்டது என்று குழுவில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டரை வருடத்துக்கு முன்பு உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 114 கிலோ. ஒன்றரை வருடத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். இப்போது மறுபடி 84. அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட இருபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை நேரிலும் கூடுவோம். எல்லோரும் பழைய போட்டோ, புதுப் போட்டோ என்று போடுகிறார்கள். நான் ஏழு மாதமாக எதுவும் போடவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை. டாக்டரிடம் போகவும் கூச்சமாக இருக்கிறது. ‘இவ்வளவு செலவு பண்ணி என்ன பிரயோஜனம்’ என்கிறார் கணவர். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பிடுகிறேன். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதைக் கொட்டவும் மனசு வருவதில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதானா? இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம், சகோதரி. நீங்கள் குறைத்தது 38 கிலோ. திரும்பி வந்தது 8. இன்னும் 30 கிலோ குறைந்தபடிதான் இருக்கிறது. ஆபரேஷன் அன்றைக்கு இருந்த எடையில் அது நாலில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டரை வருடம் கழித்து இப்படி ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால், ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். உங்கள் கடிதம் முழுக்க அந்த எட்டைப் பற்றித்தான் இருக்கிறது. முப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எடை ஏன் திரும்புகிறது என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கும். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ வடிவத்தில் மீதியை விடுகிறோம். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்துவிட்ட மேல்பகுதியில்தான். அதனால் முதல் வருடம் பலருக்குப் பசி என்பதே மறந்துபோகும். இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்று இருக்கும். ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் எடை ஆகக் குறைந்த இடத்துக்கு வந்து நிற்கும். அப்புறம் உடம்பு பழகிக்கொள்கிறது. பசி மெல்லத் திரும்புகிறது, இரைப்பையும் கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது. இளைத்த உடம்பு முன்பு போலச் சக்தியைச் செலவழிப்பதும் இல்லை.

சுவீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் ஆபரேஷன் (இதயத்துக்குச் செய்வது அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தார்கள். பத்தாவது வருடத்தில் அந்தக் குறைவு 25 சதவீதமாக இருந்தது. அதாவது, கொஞ்சம் திரும்புவது சராசரி மனிதருக்கே நடப்பது. உங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. அதே ஆய்வின் 2007-ஆம் வருட முடிவுகளில், ஆபரேஷன் செய்துகொள்ளாத அதே போன்ற பருமன் உள்ளவர்களைவிட இவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததும் தெரிந்தது. கணவர் கேட்ட ‘என்ன பிரயோஜனம்’ என்பதற்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

எனவே தப்பு முழுக்க உங்களுடையது என்பது சரியல்ல. ஆனால் உங்கள் கையில் எதுவுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கடிதத்தில் நீங்களே இரண்டு இடங்களைத் தெளிவாகக் காட்டியிருக்கிறீர்கள். ஒன்று ராத்திரிச் சாப்பாடு, இன்னொன்று பிள்ளைகள் தட்டு. தப்பு யாருடையது என்று நான் தீர்ப்புச் சொன்னாலும், நாளை ராத்திரி பத்தரை மணிக்கு அது உங்களுக்கு உதவாது. அந்த நேரத்தில் சமையலறையில் என்ன நடக்கிறது என்று ஒரு ஆளிடம் உள்ளபடி சொல்ல முடிந்தால், அது உதவும்.

எனக்கு உங்களுடைய எட்டு கிலோவைவிட அந்த ஏழு மாத மௌனம்தான் கவலையாக இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆன ஒரு பெண் ஆறு கிலோ கூடி வந்தார். ‘இவ்வளவு சொல்லியும் இப்படிச் செய்யலாமா’ என்று கண்டித்து அனுப்பினேன். அக்கறையோடுதான் பேசினேன். ஆனால் அவர் அடுத்த பரிசோதனைக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7. பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சி. பி12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தொடர்ந்து போட வேண்டிய வைட்டமின் மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டார். ‘எடை ஏறிடுச்சு, உங்க முகத்தைப் பார்க்க முடியல சார்’ என்றார். ஆறு கிலோ அவரை ஒன்றும் செய்யவில்லை. என் பேச்சுக்குப் பயந்து ஒளிந்துகொண்டதுதான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எடையைப் பற்றி யாரையும் நான் கண்டித்ததில்லை.

மருத்துவர் முன்னால் சொல்ல முடியாததை, அதே வழியில் நடந்த இன்னொருவரிடம் சொல்ல முடியும். அமெரிக்காவில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத் தலைவி, நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையின் எடைக் குறைப்பு கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்பதை மட்டும் அவரால் அங்கே சொல்ல முடியவில்லை. 1961-ல் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதையைச் சொன்னார்கள். வாராவாரம் கூடினார்கள். அடுத்த வருடத்துக்குள் அவருக்கு 32 கிலோ குறைந்தது. அந்த வரவேற்பறைக் கூட்டம்தான் பிறகு உலகம் முழுக்கப் பரவிய ‘வெயிட் வாட்சர்ஸ்’ ஆனது. அவர் ஆபரேஷன் செய்துகொண்டவர் இல்லை. ஆனால் உங்கள் ராத்திரிச் சாப்பாடும் அவருடைய பிஸ்கட்டும் ஒன்றுதான்.

இது நமக்கும் புதிது இல்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே கணக்கு நோட்டை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். ஒருவர் இந்த வாரம் பணம் கட்டவில்லை என்றால், என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். கட்டாதவர் எழுந்து ஓடிவிடுவதில்லை, அடுத்த வாரமும் வருகிறார். எடைக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் மாதக் கூட்டத்துக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் வருவார். ஒரு தடவை அவர் மிகவும் தயங்கி, ‘கடையில உக்கார்ந்தா கை தானா மிக்சர் டப்பாவுக்குப் போகுது’ என்றார். நானாக இருந்தால் எண்ணெய், உப்பு, கலோரி என்று ஆரம்பித்திருப்பேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, ‘டப்பா எங்க இருக்கு?’ என்று கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் என்றார். ‘எட்டுற தூரமா?’ ஆமாம் என்றார். ‘பையனை விட்டு அதைப் பின் அலமாரிக்கு மாத்தச் சொல்லுங்கண்ணே, எழுந்து போய் எடுக்கணும்னா பாதி தடவை போக மாட்டீங்க. நான் முறுக்கு டின்னை அப்படித்தான் பரண்ல ஏத்தினேன்’ என்றார். அடுத்த மாதம் அவர் வந்தபோது முதலில் சொன்னது டப்பா இடம் மாறிய செய்தியைத்தான். ‘எட்டுற தூரமா’ என்ற அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. அந்த அம்மா அதே இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தவர்.

குழுக்களுக்குத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நன்றாக இருப்பவர்கள்தான் வருகிறார்கள், சிரமத்தில் இருப்பவர்கள் நின்றுவிடுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். உங்களுக்கு நடந்ததே அதுதானே. போட்டோ மட்டும் போடும் குழுவில் நல்ல வாரத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அதை மாற்ற யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஒதுங்கி இருந்தேன். எனக்கு எட்டு கிலோ ஏறியிருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பிடறேன். வேற யாருக்காவது இப்படி இருக்கா?’ அவ்வளவு போதும். மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம். இருபது பேரில் மூன்று நான்கு பேராவது தனியாக உங்களுக்கு மெசேஜ் அனுப்புவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மௌனமாக இருப்பது நீங்கள் மட்டும் இல்லை.

இருபது பேர் முன்னால் இன்னும் கூச்சமாக இருந்தால், அவர்களில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். இந்த வாரம் எடை எவ்வளவு, எத்தனை நாள் மாத்திரை போட்டாய், எத்தனை ராத்திரி சமையலறைக்குப் போனாய் என்று அவர் கேட்பார், நீங்களும் அவரைக் கேளுங்கள். கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது என்பதை மட்டும் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எடையை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் ஆடும் ஆட்டத்தில் மனசுதான் ஆடும்.

ஆனால் குழுவிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரையின் அளவை இன்னொருவர் சொன்னார் என்று மாற்றக் கூடாது. யாராவது பவுடரோ எடை குறைக்கும் ஊசியோ வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விடாமல் வாந்தி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் மூளையையே பாதிக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் 14416 அல்லது 104 எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

சாப்பாட்டில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். முட்டையில் 6, நூறு கிராம் சமைத்த கோழிக்கறியில் 25 கிராம் அளவுக்கு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் அளவுக்கு. தட்டில் முதல் கை அதற்குத்தான் போக வேண்டும், சோறு அப்புறம். புரதம் வயிற்றில் நிற்கும். மிக்சர், டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம், ஜூஸ் எல்லாம் சின்ன இரைப்பையிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எவ்வளவு உள்ளே போனாலும் வயிறு ‘போதும்’ என்று சொல்லாது. ராத்திரிப் பசி என்று வருபவர்களில் பலர் பகலில் புரதம் சாப்பிடாதவர்கள் என்பது என் அனுபவம். எட்டு மணிக்கு ஒழுங்காகச் சாப்பிட்டும் பத்தரைக்குக் கை போகிறது என்றால், அது பசியா, அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கென்று கிடைக்கும் நேரமா என்று யோசியுங்கள். பல பெண்கள் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். ரத்த அளவு, இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் எடையில் சேர்ந்துகொள்ளும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் போன்றவை எடையைக் கூட்டும், எனவே சாப்பிடும் மருந்துகளின் சீட்டை எடுத்துப் போங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் சொல்லுங்கள். ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு அது வரும், எரிச்சலுக்குப் பயந்து மெத்தென்ற மாவுப் பண்டமாகத் தின்று எடை ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஆபரேஷன்? ஸ்லீவை பைபாஸாக மாற்ற முடியும். கடுமையான எதுக்களிப்போ, எடை பெரும்பகுதி திரும்பிய நிலையோ இருந்தால் அதை யோசிக்கலாம். முதல் ஆபரேஷனைவிடச் சிக்கல் வாய்ப்பு அதில் அதிகம். 38-ல் 8 திரும்பியதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன. தேவையா இல்லையா என்பதைப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். மேலே சொன்ன சுவீடன் கணக்கை அவர் டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். உதவி செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தால், அதற்கு இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அந்தத் தட்டுகளை எடுத்து, மிச்சத்தை அப்புறப்படுத்தி, கழுவிக் கவிழ்த்துவைப்பது இனி அவர் பொறுப்பு.