பழைய கணினி, புதிய டொமைன்: ஃபோல்டர் பகிர்வு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தொழிற்சாலை மெஷினோடு இணைத்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து புதிய ஃபைல் சர்வரின் ஃபோல்டர் திறக்கவில்லை. பிங் (கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது.

பதில்: பிங் போகிறதென்றால் கேபிளில் குறையில்லை. விண்டோஸ் கணினிகள் ஃபோல்டரைப் பகிரப் பேசும் மொழி எஸ்எம்பி. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டுமே. விண்டோஸ் சர்வர் 2019-ஐ நிறுவும்போது அது வராது. சர்வரில் அதை இயக்கிவிட்டால் ஃபோல்டர் திறந்துவிடலாம், ஆனால் செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற புழு (தானே பரவும் வைரஸ்) பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

நடுவில் ஒரு லினக்ஸ் கணினி வையுங்கள், இரண்டு நெட்வொர்க் கார்டோடு. எக்ஸ்பி பக்கத்துக் கார்டில் மட்டும் ஸாம்பா (லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள்) எஸ்எம்பி1 பேசட்டும். ஃபைலை அங்கிருந்து சர்வருக்கு எஸ்எம்பி3 வழியாக ஒரு ஸ்கிரிப்ட் நகலெடுக்கட்டும். புதிய ஸாம்பா, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பழைய முறையான என்டிஎல்எம்-ஐ வழக்கமாக ஏற்காது. அதனால் எக்ஸ்பியின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லேன் மேனேஜர் அங்கீகார நிலையை என்டிஎல்எம்வி2-க்கு மாற்றிவிடுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கேள்வி: விண்டோஸ் 7 ஹோம். பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ஏற்கவில்லை.

பதில்: ஹோம் பதிப்பு டொமைனில் (எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் அமைப்பு) சேராது. ஃபோல்டரைத் திறக்கச் சேரவும் வேண்டாம். பயனர் பெயரை மட்டும் கொடுக்காமல், டொமைன் பெயர், பேக்ஸ்லாஷ், அப்புறம் பயனர் பெயர் என்று கொடுங்கள்.

கேள்வி: டொமைனில் உள்ள பழைய கணினி, காலையில் இயக்கியதும் லாகின் ஆக மறுக்கிறது.

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும். கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும்.

கேள்வி: பாஸ்வேர்டு சரிதான், ஏற்கவில்லை.

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நெட்வொர்க்கில் இன்டர்நெட்டே கிடையாது. சர்வரிலேயே எஸ்எம்பி1 போட்டால் என்ன? சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்களுடையது எப்படி இன்டர்நெட் இல்லாத நெட்வொர்க்? பென் டிரைவ் வருகிறது. சர்வீஸ் இன்ஜினியர் தன் லேப்டாப்பைச் செருகுகிறார். புழுவுக்கு உள்ளே ஒரு கணினி கிடைத்தால் போதும், மற்றவற்றை அதுவே தேடிக்கொள்ளும்.

மறுகேள்வி: பேட்ச் போட்டாயிற்றே?

பதில்: வானாக்ரைக்கான அந்தப் பேட்ச் அடைத்தது அப்போது தெரிந்த ஓட்டைகளை. எஸ்எம்பி1-இல் என்கிரிப்ஷனே இல்லை, ஃபைல் வெட்டவெளியில் போகிறது. அதைப் பேட்ச் மாற்றாது. எக்ஸ்பியைத் தனி விலானில் (ஒரே நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) வைத்து, ஃபயர்வாலில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445, 139 போர்ட்டுகளை எக்ஸ்பிக்கும் சர்வருக்கும் இடையே மட்டும் திறந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் மட்டும் எஸ்எம்பி1 கூடவே கூடாது.

கேள்வி: ஷேரில் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தும் "அனுமதி இல்லை" என்கிறது.

பதில்: ஷேர் அனுமதி போதாது, டிஸ்கில் அந்த ஃபோல்டருக்கு உள்ள என்டிஎஃப்எஸ் அனுமதியும் வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும்.

கேள்வி: நெட்வொர்க் பட்டியலில் சர்வர் பெயர் தெரிய எஸ்எம்பி1 வேண்டுமாமே?

பதில்: பழைய பட்டியலுக்கு வேண்டும். உங்களுக்கு எதற்கு அந்தப் பட்டியல்? முகவரியை டைப் செய்யுங்கள்.

கேள்வி: மேக்கிலிருந்து?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி1 இயக்கினேன், தானாகவே போய்விட்டது.

பதில்: 15 நாள் பயன்படுத்தாவிட்டால் விண்டோஸே அதை நீக்கிவிடும். திரும்பப் போடுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.