பழைய ஜீப் கொதிக்கிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், பியூஜோ டீசல் எஞ்சின். சமவெளியில் 60-இல் போனால் ஒன்றுமில்லை. கொல்லிமலை ஏறும்போது முப்பதாவது வளைவு தாண்டுவதற்குள் கொதிக்கிறது. ரேடியேட்டர் போன மாதம்தான் கழுவினேன்.
— சேந்தமங்கலம்

சமவெளியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மலையில் 15 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று ஏது? எல்லாம் ஃபேன் தலையில். எனவே முதலில் பார்க்க வேண்டியது காற்று, தண்ணீர் அல்ல. ஃபேன் பெல்ட்டை இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் தளர்வு. பெல்ட்டின் பக்கவாட்டு பளபளவென்று இருந்தால் வழுக்குகிறது, மாற்றுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி நிற்கும் தகரக் கூண்டு இருக்கிறதா? எஞ்சின் இறக்கி ஏற்றிய பட்டறையில் அதைக் கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். கூண்டு இல்லாத ஃபேன் அதே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். முன் கிரில்லில் ஃபாக் லைட், வின்ச், கொடிக்கம்பி என்று அடைத்திருந்தால் இறக்குங்கள்.

அடுத்தது கியர். இரண்டாவதில் எஞ்சின் முக்கி முக்கி ஏறினால் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் மெதுவாகவே சுற்றும். முதல் கியருக்கு இறக்கி ரேஸைச் சற்றுக் கூடுதலாக வைத்து ஏறுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கொதித்தால் ரேடியேட்டருக்கு வாருங்கள். 'கழுவினேன்' என்றால் என்ன செய்தார்கள்? ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிப்பது கழுவல் அல்ல. மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டையும் ஈயம் உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு உப்பை இடிக்க வேண்டும். அதுதான் ராடிங். வண்டி சூடாக இருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாகக் கையை ஓட்டிப் பாருங்கள். சுற்றிலும் சுடும்போது ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

என் ஜீப் ரொம்ப சூடாகிறது. என்ன செய்யலாம்?
— ஊர் எழுதவில்லை

எந்த வண்டி, எந்த எஞ்சின், நின்றால் சூடாகிறதா ஓடினால் சூடாகிறதா, நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது? நான்கும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. அவற்றைக் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை, சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

மெக்கானிக் 'நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இப்போது மூணாறு ஏறினால் முன்பைவிட அதிகம் கொதிக்கிறது. காலையில் மீட்டர் ஏறுவதே இல்லை, புகை வேறு. டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது.
— போடி

ஒவ்வொரு முறையும் இதே கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன்: தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள். ஒன்று ரேடியேட்டருக்கு. மற்றது பைபாஸ், ரேடியேட்டரைத் தொடாமல் நேரே பம்ப்புக்குத் திரும்பும் குறுக்கு வழி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் முதல் வழியை மூடிவைக்கும். 82 டிகிரியில் அதைத் திறக்கத் தொடங்கும். பல எஞ்சின்களில் அதன் அடியில் ஒரு தட்டு உண்டு. மேலே திறக்கத் திறக்க அந்தத் தட்டு கீழே இறங்கி பைபாஸை அடைக்கும். மொத்தத்தையும் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்குச் சுலபமான வழி அதுதான். எனவே ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலேயே கொதிக்கக் கொதிக்க எஞ்சினுக்குள் திரும்புகிறது. ஏற்றத்தில் உங்கள் வண்டி கூடுதலாகக் கொதிப்பது இதனால்தான்.

'தண்ணீர் வேகமாக ஓடுவதால் ஆற நேரமில்லை' என்று பட்டறையில் ஒரு விளக்கம் சொல்வார்கள். அது தவறு. வேகமாக ஓடும் தண்ணீர் குறைவாக ஆறினாலும் அதிக முறை வந்து போகும். குற்றம் பைபாஸில்.

காலையில் நடப்பது அதைவிட மோசம். டீசல் எஞ்சின் 80-ஐத் தொடாமல் 50, 60 டிகிரியிலேயே ஓடினால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் லைனர் (சிலிண்டரின் உள் உறை) சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் கெடும், பிஸ்டன் ரிங் தேயும். புகையும் டீசல் செலவும் அதன் அறிகுறிகள். தெர்மோஸ்டாட் விலை சில நூறு ரூபாய். ரிங், லைனர் மாற்றும் செலவைப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

புதியது வாங்கினாலும் சோதித்துவிட்டு மாட்டுங்கள். வால்வைச் சற்றுத் திறந்து இடுக்கில் ஒரு நூலைக் கடிக்கவிட்டு, பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். நூலிலிருந்து அது எந்தச் சூட்டில் நழுவி விழுகிறதோ அதுதான் திறக்கும் அளவு. 80 முதல் 85-க்குள் விழ வேண்டும். தண்ணீர் கொதித்தும் தொங்கிக்கொண்டே இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பழையதில் அடித்தட்டு இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும், நீளமும் ஒத்துப்போக வேண்டும். சிறு ஓட்டை மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள். சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா?
— கூடலூர்

காட்டிலிருந்து ஊர் திரும்ப, ஒரே ஒரு முறை, இரண்டு கைப்பிடி. ஊர் வந்ததும் எல்லாவற்றையும் வடித்து, ஒழுகும் இடத்தில் ஈயம் வையுங்கள். ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

ஜிப்ஸி 1300. போர்வெல் தண்ணீர்தான் எப்போதும் ஊற்றுகிறேன். ஜீப்பில் அப்படித்தானே ஓட்டினோம்?
— ஒட்டன்சத்திரம்

ஜீப்புக்கு வார்ப்பிரும்பு பிளாக், ஜிப்ஸிக்கு அலுமினிய பிளாக், அதன் மேல்மூடியான ஹெட்டும் அலுமினியம். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு முறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைந்துவிடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். உப்பை எடுக்க எலுமிச்சை உப்பு போடுவதானால் ரேடியேட்டரைத் தனியே கழற்றி, அதுவும் செம்பு ரேடியேட்டராக இருந்தால் மட்டும். எஞ்சினுக்குள் அது போகக் கூடாது.

காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கிறது.
— கொடைக்கானல்

மூடியை மாற்றுங்கள். அதில் இரண்டு வால்வு: ஒன்று அழுத்தத்தைப் பிடிக்கும், நடுவில் இருக்கும் சிறியது ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரை உள்ளே விடும். சிறியது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 என்று குறித்த நல்ல மூடி அதை 115 வரை தள்ளிவைக்கும். பழைய மூடியில் என்ன எண்ணோ அதே எண்ணில் வாங்குங்கள். கூட்டினால் டேங்க் தையல் விடும். வண்டி முழுக்க ஆறிய பிறகே மாற்றுங்கள்.

வெளியே சொட்டு ஒழுகல் இல்லை. ஆனால் தினமும் அரை லிட்டர் குறைகிறது.
— வால்பாறை

ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்பை, சந்தேகப்படுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, ஒரே சீராக ரேஸ் கொடுங்கள். முதலில் வரும் சில குமிழ்கள் சிக்கிய காற்று. இரண்டு நிமிடம் கழித்தும் விடாமல் குமிழ் வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே பொருள். ஆயில் மூடியின் அடியில் பால் போலப் படிந்திருந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். ஹெட் இறங்கியதும் நேர்பட்டை வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.10 மி.மீ. தகடு நுழைந்தால் ஃபேசிங் போட்டு, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்தாக வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் நிற்காது.

கேஸ்கெட் நன்றாக இருந்தால் வாட்டர் பம்ப் அடியில் உள்ள சிறு துளையைப் பாருங்கள். ஓடும்போது மட்டும் அதில் கசிந்து, சூட்டில் காய்ந்து, வெள்ளைக் கறையாக நிற்கும். பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். தண்ணீர் பேரிங்குக்குள் போய்ப் பம்ப் மொத்தமும் போகும்.

ஃபேனைக் கழற்றி மின்சார ஃபேன் போடலாமா?
— ஏற்காடு

வேண்டாம். பழைய ஆல்டர்நேட்டர் அந்தச் சுமையையும் ஹெட்லைட்டையும் சேர்த்து இழுக்காது. அந்தப் பணத்தில் கூண்டையும் ராடிங்கையும் முடியுங்கள்.

ஓடை கடந்து ஏறியதும் ரேடியேட்டரில் வட்டமாக வெட்டு. ஏன்?
— தடியன்குடிசை

ஃபேன் இறக்கை தண்ணீரை அடிக்கும்போது முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரைத் தொடும். தண்ணீர் ஃபேன் உயரத்துக்கு வரும் என்றால், இறங்குவதற்கு முன் ஆல்டர்நேட்டர் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றுங்கள். அக்கரை ஏறியவுடன் மாட்டுங்கள். பெல்ட் இல்லாமல் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. கொதித்த எஞ்சினோடு ஓடையில் இறங்கவும் கூடாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடும். கரையில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள், அதுவரை மூடியைத் தொடாதீர்கள். ஊர் திரும்பியதும் ரேடியேட்டர் சேற்றை எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷரில் அடித்தால் இதழெல்லாம் மடங்கிக் காற்று வழி அடைபடும்.