ஏஐ கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. மகள் தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு, 12 வயது. வீடு தேடி வந்த ஒருவர், ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிக்காத பிள்ளை இனி தேறாது என்கிறார். 24,000 ரூபாய் கோர்ஸ், மாதத் தவணை. அவளோ இப்போதே கட்டுரைகளை, கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலியில்தான் எழுதுகிறாள். சேர்ப்பதா, ஃபோனைப் பிடுங்குவதா?

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. அவர் விற்க வந்தது உங்கள் மகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 2024 முதல் ஏழாம் வகுப்பு ஐசிடி (கணினி, தகவல் தொழில்நுட்பம்) புத்தகத்தில் ஏஐ ஒரு பாடம். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் நிரலைப் பிள்ளைகளே செய்கிறார்கள். தமிழ் மீடியத்துக்கும் அதே பாடம்தான். புத்தகம் வந்ததா, கணினி அறையைத் திறக்கிறார்களா என்று பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்க) கூட்டத்தில் கேளுங்கள். பாடத்தைச் சேர்த்துவிட்டு அறையைப் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்? இந்த ஏஜென்டுகளுக்குத்தான்.

தவணை என்றதும்தான் எனக்குப் பயம். ஒரு அப்பா என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். மேலே பிள்ளையின் போட்டோ, கீழே பொடி எழுத்து ஆங்கிலத்தில் கடன் ஒப்பந்தம். சேர்க்கைப் படிவம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு, ஓடிபியும் சொல்லியிருக்கிறார். மொத்தப் பணமும் அன்றே கோர்ஸ்காரருக்குப் போய்விட்டது. பிள்ளை வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் கடனை அவர்தான் கட்டியாக வேண்டும். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றே 1915-க்குக் கூப்பிடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

சாட்ஜிபிடியைப் பொறுத்தவரை, 13 வயது நிரம்பாதவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. அதனால் அவள் பயன்படுத்த வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் ஃபோனை நீங்களே எடுங்கள். நம் பக்கத்தில் பிள்ளை தமிழில் படித்தாலும் பள்ளி சர்க்குலர் மலையாளத்தில் வருகிறது. வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடும் தாய்மார்கள் எத்தனை பேர்! கூகுள் டிரான்ஸ்லேட்டில் கேமராவைக் காட்டினால் தமிழில் வரும். தேதியையும் தொகையையும் மட்டும் மூலத்தாளோடு ஒத்துப் பாருங்கள். கையெழுத்தில் எழுதிய குறிப்பு என்றால் சரியாக வராது, டீச்சரிடமே கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் அந்தக் கட்டுரைகள். நோட்டை மூடிவைத்து, எழுதியதை வாயால் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் திணறுகிறாளோ அதை அடித்துவிட்டு, தெரிந்த நாலு வரியை அவளே எழுதட்டும்.