வாசகர் கேள்வி: ஒருவருடைய மனத்தை வரையலாமா?

கேள்வி: சென்னையில் பல ஆண்டுகள் துணை இயக்குநராக உழைத்து, சொந்தமாக ஒரு படமும் முடிக்க இயலாமல் ஊர் திரும்பிய என் பெரியப்பச்சி (பெரியப்பா), கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் தனியாக வசிக்கிறார். அவருடைய உள்ளத்தைப் பற்றி அனிமேஷன் குறும்படம் எடுக்க விரும்புகிறேன். வாழும் மனிதரின் மனத்தைக் கற்பனையாக வரைவது பொய்யாகிவிடாதா?
- வாசகர், காரைக்குடி

பதில்: குரல் உண்மையாக இருந்தால் பொய்யாகாது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் ஆதரவோடு கிறிஸ் லாண்ட்ரெத் 2004-இல் இயக்கிய 'ரயான்' குறும்படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1968-இல் 'வாக்கிங்' என்ற அனிமேஷன் படத்தை எடுத்து ஆஸ்கர் பரிந்துரை வரை சென்ற ரயான் லார்கின், பிற்காலத்தில் கொக்கெயினிலும் குடியிலும் சிக்கிப் படம் எடுப்பதையே விட்டு, மான்ட்ரியல் தெருவில் கையேந்தி, வீடற்றோர் விடுதியில் தங்கியிருந்தார். லாண்ட்ரெத் அவரோடு உரையாடி ஒலிப்பதிவு செய்த பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு, உருவங்களைக் கணினியில் உருவாக்கினார். திரையில் லார்கினின் தலையில் பெரும்பகுதி இல்லை. எஞ்சிய சில இழைகளே முகமாக நிற்கின்றன. ஆனாலும் பேசுபவர் அவரேதான் என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை.

இப்படத்தில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. லாண்ட்ரெத் தம்மை ஒதுங்கி நிற்கும் பார்வையாளராகக் காட்டிக்கொள்ளவில்லை. தொடக்கத்திலேயே தம் முகத்தின் காயங்களை நமக்குக் காட்டிவிடுகிறார். குடியை விடும்படி அவர் சொல்ல, லார்கின் சீறுகிறார்; அந்த அக்கறைக்குப் பின்னால் குடியால் துன்புற்ற தம் தாயின் நினைவு இருப்பதையும் லாண்ட்ரெத் மறைக்கவில்லை. எனவே பெரியப்பச்சியின் தோல்வியை வரையும்போது, அது உங்களை ஏன் இவ்வளவு தூரம் ஈர்க்கிறது என்பதும், உங்கள் அச்சமும் ஆசையும் எவை என்பதும் படத்தில் வந்தாக வேண்டும். அது இல்லையென்றால் அவர் வெறும் காட்சிப்பொருளாகிவிடுவார்.

முதலில் அவர் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவசரப்படாமல், பல நாள். அவர் எழுதி வைத்த திரைக்கதை நோட்டுகள் இருந்தால் அவற்றுக்கும் படத்தில் இடம் கொடுங்கள். 'ரயான்' படத்திலும் லார்கினின் பழைய படக்காட்சிகள் இடம்பெறுகின்றன, அவற்றைப் பார்த்த பிறகே அவர் இழந்தது எவ்வளவு என்பது நமக்கு உறைக்கிறது. இன்னொன்று: முகப்பு, வளவு, ஆத்தங்குடித் தரை என்று செட்டிநாட்டு வீட்டின் அழகை அள்ளி வைக்காதீர்கள். அவர் தம் பேச்சில் ஒரு தூணைச் சொன்னால் அந்தத் தூணை மட்டும் வரையுங்கள்.

படத்தைக் கண்டபோது லார்கின் அடைந்த சங்கடம் 'ஆல்டர் ஈகோஸ்' என்ற ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. ஆகவே வரைபடங்களைத் திருத்தக்கூடிய நிலையிலேயே பெரியப்பச்சியிடம் காட்டிவிடுங்கள்; வேண்டாம் என்று அவர் சொல்லும் காட்சியை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், நீக்கிவிடுங்கள்.