ஊழல் அம்பலமான பிறகும் இளைஞர்களுக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை வராதது ஏன்?

அம்பலமாவதற்கும் தண்டனைக்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடுகின்றன. வழக்கு முடிவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவரே மறுபடி வேட்பாளராக வந்து நிற்பார். முதல்முறை வாக்களித்தவருக்கு நம்பிக்கை போக அதுவே போதும்.

ஆகவே தீர்ப்புக்குக் காத்திருக்காமல் அரசு வேலைக்கான டெண்டரைப் பாருங்கள். வேலையைத் துண்டுதுண்டாக்கி டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவார்கள். ஒரே நிறுவனம் மட்டும் தேறும்படி நிபந்தனை எழுதுவார்கள். நான்கு நாள் அவகாசம் தந்தால் வெளியாள் யார் விண்ணப்பிக்க முடியும்? இவற்றைவிட நைச்சியமானது, ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டுப் பிறகு ‘கூடுதல் வேலை’ என்று தொகையை ஏற்றுவது. ஒப்பந்தத் தொகையையும் முடிவில் மொத்தமாகக் கொடுத்த பணத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும்.

உக்ரைனில் 2016இல் அரசுக் கொள்முதலுக்குப் புரோசோரோ என்ற இணையத் தளம் கட்டாயமானது; யார் எவ்வளவு விலை கேட்டார் என்பதை எவரும் பார்க்கலாம். ஊழல் ஒழிந்துவிடவில்லைதான். ஆனால் கேள்வி கேட்பவர் கையில் வதந்திக்குப் பதில் ஆவணம் இருக்கிறது.